விகடகவியைத் திருப்பிப் படித்த கணினி

(மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள கெலாங் பாத்தாவில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளை முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்தப் பேச்சு முதலில் உங்களுக்குத்தான்.

ஒரு சொல்லில் தொடங்குகிறேன். விகடகவி. தமிழ்ப்பள்ளியில் ஏதாவது ஒரு வகுப்பில் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "பின்னாலிருந்து படி, பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார். வி, க, ட, க, வி. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே சொல். எட்டு வயதில் அது நமக்கு ஒரு வித்தை.

நான் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது இருபக்கமும் ஒன்றாகப் படிக்கிறதா, இல்லையா என்று நிரல் சொல்ல வேண்டும். நான்கைந்து வரியில் முடிகிற வேலை. முடித்தேன். மலாய்ச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன். கத்தாக், தவளை: ஆம் என்றது. காக்காக், அக்கா: ஆம். மாலாம், இரவு: ஆம். ரூமியில், அதாவது மலாயை எழுதும் ரோமன் எழுத்தில், எழுதிப் பாருங்கள், மூன்றுமே இருவழிச் சொற்கள். ஆசை வந்தது. விகடகவி என்று தமிழில் தட்டினேன். இல்லை என்று சொல்லிவிட்டது.

ஒரு மணி நேரம் நிரலில் பிழை தேடினேன். பிழை இல்லை. திருப்பிய சொல் எப்படித்தான் வருகிறது என்று திரையில் காட்டச் சொன்னேன். முதலில் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் தனியாக நின்ற ஓர் இகரக் குறி. அப்புறம் வ, க, ட. அடுத்து, கி. கடைசியில் ஒரு மொட்டை வ. ககரத்துக்கு இகரம் எங்கிருந்து வந்தது?

வந்த விதம் இதுதான். நாம் 'வி' என்பதை ஓர் எழுத்து என்று நினைக்கிறோம். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் 'வ' ஓர் எண். அதன்மேல் ஏறும் இகரக் குறி இன்னோர் எண். நமக்கு ஐந்து எழுத்தாக இருக்கும் விகடகவி கணினிக்கு ஏழு எண்கள். ஏழையும் வரிசை மாற்றி அடுக்கியதில், வகரத்துக்குச் சொந்தமான இகரம் பக்கத்து வீட்டுக் ககரத்தோடு ஒட்டிக்கொண்டது.

விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். தமிழுக்கெல்லாம் இது சரிப்படாது, ரூமியில் எழுதிப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிப் பார்த்தேன். ரூமியிலும் அது இருவழிச் சொல்லாக வரவில்லை. வர முடியாது. ஏனென்றால் விகடகவி திரும்பி நிற்பது உயிர்மெய் எழுத்து என்ற அலகின் மேல். அந்த அலகு ரூமியில் கிடையாது. மாலாம் என்பதும் அப்படியே: ரூமியில் திரும்பும், மா, லா, ம் என்று தமிழில் எழுதினால் திரும்பாது. அன்று இரவு இரண்டு வரி கூடுதலாக எழுதினேன். உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதைத் தனியாக எண்ணாதே, முன்னால் இருக்கும் மெய்யோடு சேர்த்து ஒன்றாக எடு. அவ்வளவுதான். கணினி ஆம் என்றது.

எழுத்து என்றால் என்ன என்ற கேள்வியோடுதான் தொல்காப்பியம் தொடங்குகிறது. இருபது வயதில், குளிரூட்டிய அறையில், நான் அதே கேள்வியில் முட்டிக்கொண்டு நின்றேன். நமக்குத் தெரியும் என்றுகூடத் தெரியாமல் நமக்குள் கிடக்கும் மொழியறிவை ஒரு பொறிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் படிப்பு ஒன்று இருக்கிறது என்றும், அதற்குக் கணினி மொழியியல் என்று பெயர் என்றும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. யாராவது முதலாண்டிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கெலாங் பாத்தா, உடைந்த வளையல். தமிழில் எழுதினால் ஆறு எழுத்து. யுனிகோட்டில் பன்னிரண்டு எண்கள், நடுவில் ஓர் இடைவெளி. பரவலாகப் பயன்படும் முறையில் சேமித்தால் தமிழ் எண் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். மொத்தம் 37 பைட். அதே பெயரை ரூமியில் எழுதினால் 12 பைட். இன்று எல்லார் கைப்பேசியிலும் பேசுகிற மொழி மாதிரிகள் ஒரு வாக்கியத்தை வாங்கியதும் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலம் அதிகமாகவும் தமிழ் கொஞ்சமாகவும் காட்டி வளர்த்த மாதிரி, ஆங்கிலச் சொல்லை முழுசாக எடுத்துக்கொள்ளும். தமிழ்ச் சொல்லைப் பொடிப்பொடியாக நறுக்கும். துண்டு கூடினால் நேரம் கூடும், காசும் கூடும். செம்பனை நின்ற நூசாஜெயா நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. அப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் இருக்கும் கணினிகளில்தான் இந்த நறுக்கு வேலை நடக்கிறது. கத்தி எந்த இடத்தில் விழ வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். தமிழில் அதைச் சொல்ல, தமிழ் இலக்கணம் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

இங்கே இருக்கிற தம்பி தங்கைகளில் பலர் எஸ்.பி.எம். தமிழை ஒரு பாடமாக எழுதி முடித்து, 'அப்பாடா' என்று புத்தகத்தை மூடி வைத்திருப்பீர்கள். வலிமிகும் இடம், வலிமிகா இடம் என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இனி எதற்கு என்று தோன்றியிருக்கும். இரண்டு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள்.

அவனுக்கு வேலை கொடுத்தான்.
அவனுக்கு வேலைக் கொடுத்தான்.

முதலாவதில் ஒருவனுக்குச் சம்பளம் கிடைக்கிறது. இரண்டாவதில் அவன் கையில் முருகனுடைய வேல் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு க். இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து வந்தால் வலி மிகும் என்று நீங்கள் படித்த விதி அது. இதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுங்கள் பார்ப்போம். 'ஐகாரத்தில் முடிந்து அடுத்த சொல் க, ச, த, ப-வில் தொடங்கினால் ஒற்றுப் போடு' என்று எழுதினால், வேலை செய்தவன் எல்லாரும் வேலைச் செய்தவன் ஆகிவிடுவான். அப்படியானால் 'வேலை' என்ற சொல் வேல் என்பதோடு ஐ சேர்ந்ததா, தனிச்சொல்லா என்று கணினிக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஓர் அகராதி வேண்டும். அகராதி இருந்தாலும் போதாது, அகராதியில் இரண்டுமே இருக்கும். ஆகவே சுற்றியிருக்கும் சொற்களைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் சம்பளம், முதலாளி, நேர்முகம் என்று வந்தால் ஒன்று. தைப்பூசம், முருகன், ஏந்தி என்று வந்தால் மற்றொன்று. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு எத்தனை தடவை சேர்ந்து வருகிறது என்று பல லட்சம் வாக்கியங்களில் எண்ணினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு கிடைக்கும். இதோ, இலக்கணத்தில் தொடங்கிக் கணக்கில் வந்து நிற்கிறோம். இளங்கலையில் கணினி மொழியியல் படிப்பவர் மூன்று நான்கு ஆண்டுகளில் நடக்கிற பாதை இதுதான். காலை, மாலை, பாலை, நூலை என்று இன்னும் எத்தனையோ சொற்கள் அந்தப் பாதையில் காத்திருக்கின்றன.

இந்தத் துறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 ஜனவரியில் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கணினியைக் காட்டின. அது ரஷ்ய வாக்கியங்கள் அறுபதுக்கு மேல் ஆங்கிலமாக்கியது. அதற்குத் தெரிந்த சொற்கள் 250, விதிகள் 6. இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பேசினார்கள். தீரவில்லை. 1966இல் அமெரிக்காவில் ஒரு குழு அறிக்கை கொடுத்து, இதற்குக் கொட்டிய பணத்துக்குப் பலன் இல்லை என்று சொன்னது. ஆராய்ச்சி பல ஆண்டுகள் முடங்கியது. அதே 1966 ஏப்ரலில்தான் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயக அடிகள் அதை முன்னின்று நடத்தினார். அந்த மாநாட்டின் மண்ணிலிருந்து பின்னால் கணினித் தமிழுக்கு வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 1980களில் அவர் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் முரசு அஞ்சல். 2005 பொங்கலுக்குச் செல்லினம் வந்தது; கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. உங்களில் ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் தமிழ் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் பெயரின் கடைசியில் எம்.என். என்று இரண்டு எழுத்து இருக்கும். அது அவர் பெயரின் முதலெழுத்துகள். இந்தப் பக்கம் இரண்டாவது பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதற்கும் அவரே முக்கியக் காரணம். 1999இல், ஐம்பத்து மூன்று வயதில், காலமாகிவிட்டார். தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் நம் தலைநகருக்கு வந்தது.

இவர்கள் தமிழுக்கு எழுத்துருவும் விசைப்பலகையும் கொடுத்தார்கள். எழுதினோம். இனி, எழுதியதைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் மனம் நெகிழும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெங்காதரையர் சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸ், ஜெர்மனியில் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் புட் ஆகிய மூவரும் சேர்ந்து 'தமிழிமார்ஃப்' என்ற சொற்பகுப்பான் ஒன்றை உருவாக்கி 2021இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அது உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கொடுக்கும்.

பிரிப்பது என்றால் என்ன? வந்தனன் என்ற சொல்லைப் பள்ளியில் பிரித்திருப்பீர்கள். வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் விகுதி. பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன ஆறு உறுப்பும் ஒரே சொல்லில் வந்துவிடும். இப்போது நாம் இன்று எழுதுகிற ஒரு சொல்: வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான். ஒரே சொல், உள்ளே எத்தனை அடுக்கு! மலாயிலோ ஆங்கிலத்திலோ இதற்குப் பல சொற்கள் சேர்ந்த ஒரு தொடர் வேண்டும். இந்த அடுக்குகள் எந்த வரிசையில் வரலாம், எது எதற்கு முன்னால் வரவே கூடாது என்பதை ஒரு ரயில் பாதைப் படம் மாதிரி வரைந்து கொடுக்கலாம். ஒவ்வொரு நிலையத்திலும் எந்தத் தண்டவாளம் எங்கே போகும் என்று குறித்திருக்கும். கணினி அந்தப் பாதையில் எழுத்தெழுத்தாக நகரும். கடைசி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சொல் சரி. முடிவுறு நிலைப் பொறி என்று பாடப் புத்தகம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. பகுபத உறுப்பிலக்கணத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்த அதிகாரம் புதிதாகவே இருக்காது. நான் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

பிராகு நகரத்தில், செக் நாட்டின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில், லோகநாதன் ராமசாமியும் அவருடைய பேராசிரியரும் தமிழ் வாக்கியங்களை எடுத்து, எது எழுவாய், எது பயனிலை, எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் குறித்து வைத்தார்கள். மொத்தம் 600 வாக்கியங்கள். ஆங்கிலத்துக்குப் பென்சில்வேனியாவில் இப்படிக் குறித்து வைத்ததில் ஒரு செய்தித்தாளின் வாக்கியங்கள் மட்டுமே நாற்பதாயிரத்துக்கு மேல். அறுநூறு எங்கே, நாற்பதாயிரம் எங்கே! இந்த இடைவெளியை யார் அடைக்கப்போகிறார்கள்? ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் குறித்தால் ஒரு மாணவர் நான்கு மாதத்தில் இன்னோர் அறுநூறு சேர்த்துவிடலாம்.

சரி, நம் தமிழுக்கு வருவோம். நம் தமிழ் என்று நான் சொல்வது மலேசியத் தமிழை.

"அண்ணே, பாசார் மாலாம்ல ரெண்டு நாசி லெமாக் தாப்பாவ் பண்ணிட்டு வந்துருங்க."

இந்த மண்டபத்தில் இதைப் புரிந்துகொள்ளாதவர் ஒருவரும் இருக்க முடியாது. ஆனால் எத்தனை மொழி இதில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாசார் பாரசீகத்திலிருந்து மலாய்க்கு வந்த சொல். மாலாம் மலாய். அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'ல' நம்முடைய ஏழாம் வேற்றுமை 'இல்', பேச்சில் தேய்ந்தது. தாப்பாவ், கட்டிக்கொண்டு போவது, காண்டனீஸ் சீனம். அதைப் பிடித்துத் தமிழ் வினையாக்குவதற்கு 'பண்ணு'. வந்துருங்க என்பது வந்துவிடுங்கள். சீனச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் தமிழ் வேற்றுமை உருபும் தமிழ் வினைமுற்றும் பிடித்து வரிசையில் நிறுத்தியிருக்கின்றன. இலக்கணம் கெட்டுப்போன பேச்சு என்று இதைச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் இலக்கணம் முழு பலத்தோடு வேலை செய்வதுதான் தெரிகிறது.

சென்னைச் செய்தித்தாளில் வளர்ந்த கருவியிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் தடுமாறும். என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய பேச்சை ஒரு நாள் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றில் போட்டேன். "விடியக்காலைல பெரட்டுக்குப் போகணும்" என்றார். பெரட்டு என்றால் விடியலில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பது; 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் லயத்தில் அப்படி மாறியது. செயலி 'புரட்டு' என்று எழுதியது. கித்தா, ஒட்டுப்பால், மங்கு என்ற பால்மரத் தோட்டச் சொற்கள் எல்லாமே அதனிடம் வேறு ஏதோ ஆயின. அம்மா நாற்பது ஆண்டு செய்த வேலையில் அவர் வாயில் புழங்கிய சொற்களில் பாதி அந்தப் பொறிக்கு இல்லவே இல்லை. எனக்கு அன்று வருத்தமாக இருந்தது. பொறியின் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கலந்து பேசும் தமிழைக் கணினிக்குக் கற்பிக்கும் வேலை வேறு இடங்களில் தொடங்கிவிட்டது. பாரதிராஜா சக்கரவர்த்தியும் உடன் பணியாற்றியோரும் தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துரைகள் பதினையாயிரத்துக்கு மேல் திரட்டி, எது பாராட்டு, எது திட்டு என்று குறித்து 2020இல் வெளியிட்டார்கள். மலாய் மொழிக்கு நம் நாட்டிலேயே ஹுசேன் சொல்கெப்லி என்பவர் 'மலாயா' என்ற பெயரில் கருவித் தொகுப்பு ஒன்றை எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார். தமிழும் மலாயும் கலந்த பேச்சுக்கு, இரண்டையும் வீட்டிலும் தெருவிலும் பேசி வளர்ந்த ஜோகூர்ப் பிள்ளையைவிடப் பொருத்தமான ஆள் யார்?

பெற்றோர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. இதை எங்கே படிப்பது, படித்தால் வேலை கிடைக்குமா? இரண்டுக்கும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

கணினி மொழியியல் என்று பெயரிட்ட இளங்கலைப் பட்டம் உலகத்தில் சில இடங்களில்தான் உண்டு. ஜெர்மனியில் ஹைடல்பர்க், தூபிங்கன் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் இளங்கலையும் கணினி மொழியியல் ஆய்வு முதுகலையும் இணைந்த படிப்பு உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் பன்மொழி ஆய்வும் இளங்கலையாகப் படிக்கலாம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகக்கூடிய வழி வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி மொழியியல் புலத்தில் தமிழ் மொழியியல் பட்டம் இருக்கிறது; அங்கே போகிறவர் கூடவே பைத்தான் நிரல்மொழியும் நிகழ்தகவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கூடாயில் யு.டி.எம்., பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கணினி படிக்கப் போகிறவர் இலக்கணப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும். இரண்டு வாசலில் எதில் நுழைந்தாலும், அடுத்த வாசலுக்கு நீங்களே நடந்து போக வேண்டியிருக்கும். எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் எடுக்க வாய்ப்பிருப்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

வேலை? இந்தப் பெயரில் நாளிதழில் விளம்பரம் வருவது அபூர்வம். தரவு அறிவியல், மென்பொருள் பொறியாளர், மொழித் தரவு ஆய்வாளர் என்ற பெயர்களில் வரும். வங்கியின் உரையாடி, மருத்துவமனையின் பேச்சுப் பதிவு, மொழிபெயர்ப்பு, தேடல் என்று எல்லாவற்றுக்குள்ளும் இந்த வேலைதான் இருக்கிறது. கணக்கில் பலவீனமான பிள்ளைக்கு முதலாண்டு கடினமாக இருக்கும். அதை மறைக்க மாட்டேன். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் இல்லாமல் இன்றைய மொழி மாதிரிகளுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் கணக்கைப் பிற்பாடு பிடித்துவிடலாம், நான் பிடித்தேன். ஒரு மொழியைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த காதைப் பிற்பாடு வாங்க முடியாது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். பல்கலைக்கழக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பேசுவதைக் கேளுங்கள். தோட்டத்துச் சொல், மீன்பிடிச் சொல், சமையல் சொல், எதுவானாலும் சரி, அவர்கள் அனுமதியோடு ஐம்பது வாக்கியம் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். 'வந்துருங்க' என்றால் வந்துருங்க. ஒவ்வொரு சொல்லின் கீழும் அது பெயரா, வினையா, எந்த வேற்றுமை, எந்த மொழியிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறியுங்கள். பகுதி எது, விகுதி எது என்று தடுமாற்றம் வந்தால் பள்ளி இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். அடுத்த சனிக்கிழமை இதே மண்டபத்துக்கு நான் மடிக்கணினியோடு வருகிறேன். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து தொடங்குவோம்.